கட்டார் நேரத்துப் பாங்கு

ஓர் அறிவித்தல்.

எங்கள் பாடசாலைக் கூட்ட மண்டபத்தில் நீண்ட காலம் சேவையாற்றிவந்த ஒலிவாங்கியின் மஞ்சள் பஞ்சுத் தொப்பி, நேற்றுக் காலை இரண்டாம் பாடவேளையில் நம்மை விட்டுப் பிரிந்தது. அன்னார் மூன்று அதிபர்களின் எச்சிலையும், எண்ணிக்கையில்லாத பேச்சுப் போட்டிக்காரர்களின் இருமலையும், ஒரு பிரதம அதிதியின் வெற்றிலைச் சாற்றையும் ஒரு சொல் முறைப்பாடில்லாமல் தாங்கிக்கொண்டவர். நல்லடக்கம் கென்டீனுக்குப் பின்னாலுள்ள குப்பைத் தொட்டியில் நடைபெறும். புதிதாக வந்திருக்கும் கறுப்பு ஒலிவாங்கிக்குத் தொப்பி இல்லை, சுத்த வழுக்கை. உற்றார் உறவினர் இந்த அறிவித்தலை ஏற்றுக்கொள்ளவும்.

கோபிக்காத மச்சான். நீ போய்ச் சேர்ந்த மௌத்துச் செய்தியைப் பள்ளிவாசல் ஒலிபெருக்கியில் சொன்ன அதே ராகத்தில் இதை உனக்குச் சொல்லிக் காட்டினால் நீதான் முதலில் சிரிப்பாய் என்று எனக்குத் தெரியும். சிரித்துவிட்டு, "விசரன்டா நீ" என்பாய்.

தொட்டியில் போடும் வேலை எனக்குத்தான் கிடைத்தது. போடுவதற்கு முன் சும்மா மூக்குக்குக் கிட்டக் கொண்டுபோனேன். பழைய துணி மணம், ஊத்தை மணம், அதற்குள்ளே கராம்பு. இவ்வளவு ஆட்கள் பேசிய பஞ்சில் உன்னுடைய கராம்புதான் மிஞ்சியிருக்கிறது. அங்கேயும் நீதான் முதலாமிடம்.

அப்போதுதான் தமிழ் சேர் பின்னால் வந்து நின்றார். "அடேய், இங்க வா. சஞ்சிகைக்கு அவனப் பத்தி ரெண்டு பக்கம் எழுதித் தா. நீதானே அவன்ட மேடைப் பயத்தப் போக்கினவன்."

"நான் செய்த தியாகத்துக்கு ரெண்டு பக்கம் காணாது சேர்."

"உன்னப் பத்தி இல்லடா. அவனப் பத்தி."

பார்த்தாயா? என் பேனா, என் கொப்பி, என் கைவலி. ஆனால் கட்டுரை உன்னைப் பற்றி. சரி, எழுதுகிறேன். உன் பயத்தைப் போக்கியவன் நான்தான் என்று இந்தப் பாடசாலையில் தெரியாத ஆள் இல்லை. எப்படிப் போக்கினேன் என்பதை மட்டும் இன்னும் ஒழுங்காக யாருக்கும் சொல்லவில்லை.

நீ பத்தாம் வகுப்பில் மருதமுனையிலிருந்து எங்கள் பாடசாலைக்கு வந்தாய். அதுவரை இங்கே பாட்டு என்றால் நான். மீலாத் விழாவா, பரிசளிப்பா, யாராவது ஆசிரியர் ஓய்வு பெறுகிறாரா, கூப்பிடு அவனை என்பார்கள். என் குரல் அப்படி ஒன்றும் தேன் இல்லை, ஆனால் எனக்குக் கூச்சம் என்ற சாமானை அல்லாஹ் வைக்கவேயில்லை. ஆயிரம் பேருக்கு முன்னால் மூன்றாவது அடியை மறந்துவிட்டு, இரண்டாவது அடியையே கையை ஆட்டி ஆட்டி இன்னொரு தரம் பாடிவிட்டு இறங்கிவருவேன். ஒருவருக்கும் தெரியாது. கைதட்டலும் கிடைக்கும்.

நீ வந்து இரண்டாம் கிழமை, ஆசிரியர் வராத பாடவேளை. கடைசி வாங்கில் சுவரைப் பார்த்தபடி நீ வாய்க்குள் ஏதோ பாடினாய். முன்வாங்கில் நான் ஒருவனுடைய சப்பாத்துக் கயிற்றைக் கதிரைக் காலில் கட்டிக்கொண்டிருந்தேன். கட்டிய முடிச்சோடு கை அப்படியே நின்றுவிட்டது. வகுப்பில் சத்தம் ஒவ்வொரு வாங்காக அடங்கிக்கொண்டு வந்தது. எல்லோரும் திரும்பினார்கள். நீயும் திரும்பினாய், முப்பது முகத்தைக் கண்டாய். உடனே விக்கல்.

அன்றைக்கு வகுப்பே சிரித்தது. உனக்கு 'விக்கல் வித்துவான்' என்று பேர் வைத்தவனும் நான்தான். பேர் வைப்பதில் என் கை ராசியான கை, நாலே நாளில் தரம் ஆறு வரைக்கும் பரவிவிட்டது.

ஆனால் பேர் பரவிய அளவுக்கு உன் குரலும் பரவியது, அதுதான் எனக்குச் சுட்டது. கென்டீன் ராத்தா உனக்கு மட்டும் ரோல்ஸில் முட்டைத் துண்டு பெரிசாக இருப்பதைத் தேடி எடுத்துக் கொடுப்பா. ஒருநாள் நீ எங்கள் வீட்டுக்கு வந்து, என் தங்கச்சி கேட்டாளே என்று, முதுகைக் காட்டிக்கொண்டு ஒரு கஸீதாப் பாட்டில் நாலு அடி பாடினாய். நீ போன பிறகு உம்மா கண்ணைத் துடைத்துக்கொண்டு, "அந்தப் புள்ளைட தொண்டையில அல்லாஹ் பரக்கத்து வச்சிருக்கான்" என்றா.

"அப்ப என்ட தொண்டையில?"

"உன்ட தொண்டையில சோறு போகுது, அல்ஹம்துலில்லாஹ்."

சொந்த உம்மா.

அந்த வருட மீலாத் விழாவில் என்னை எடுத்துவிட்டு உன்னைப் போட்டார்கள். நீ முதல் வரிசையில் உட்கார்ந்து கராம்பு சப்பிக்கொண்டிருந்தாய். விக்கலுக்கு நல்லது என்று உன் உம்மா கொடுத்துவிட்டது. மேடையில் ஏறினாய், பஞ்சுத் தொப்பிக்குக் கிட்ட வாயைக் கொண்டுபோனாய். முதல் சொல்லே விக்கல். ஒலிபெருக்கியில் விக்கல் கேட்டிருக்கிறாயா? கிணற்றுக்குள் வாளி விழுந்த மாதிரி. மண்டபம் முழுக்க வெடித்துச் சிரித்தது. முதல் சிரிப்பு யாருடையது என்று நீ ஒருநாளும் கேட்கவில்லை. இனித் தெரிந்து என்ன. நீ இறங்கி ஓடினாய், நான் ஏறிப் பாடினேன். இரண்டாவது அடியை இரண்டு தரம்.

அதற்குப் பிறகு நீ மேடைப் பக்கமே போகவில்லை. உன் வீட்டுக்கு வந்தால்தான் பாட்டு. உங்கள் உம்மா தறியில் இருப்பா, தறி சடக்குச் சடக்கு என்று அடிக்கும், நீ அதன் பக்கத்தில் நூல் சுற்றிக்கொண்டு முழுத் தொண்டையில் பாடுவாய். உங்கள் உம்மா உன் பக்கம் தலையைக்கூடத் திருப்பமாட்டா. அவவுடைய கண் முழுக்க நூலில். நான் வாசலில் நின்று கேட்டுவிட்டு, உள்ளே வரும்போது மட்டும், "என்னடா, தறி சத்தத்துல ஒண்டும் கேக்கல்ல" என்பேன்.

ஒருநாள் கேட்டேன், "இஞ்ச மட்டும் எப்படிடா விக்கல் வராம இருக்கு?"

நீ நூலைச் சுற்றிக்கொண்டே சொன்னாய். "ஆக்கள் கேக்கிறது எனக்குப் பயமில்ல மச்சான். பாக்கிறதுதான் பயம்."

போன வருடம் நோன்புக்கு ஒரு மாதம் இருக்கும்போது அந்தச் செய்தி வந்தது. கொழும்பிலிருந்து வானொலிக்காரர்கள் கல்முனைக்கு வந்து குரல் தேர்வு வைக்கிறார்கள். தெரிவானவர்கள் நோன்பு மாதம் முழுக்க, நோன்பு திறக்கும் இஃப்தாருக்கு முந்திய நிகழ்ச்சியில் பாடலாம். எங்கள் பாடசாலையிலிருந்து இரண்டு பேரை அனுப்பலாம். தமிழ் சேர் என் பேரையும் உன் பேரையும் எழுதினார். எழுதிவிட்டு என்னைத் தனியாகக் கூப்பிட்டார்.

"அவனுக்குக் குரல் இருக்கு, தைரியமில்ல. உனக்குத் தைரியம் இருக்கு..." என்றவர் மிச்சத்தைச் சொல்லவில்லை. மனிசன் நாகரிகமானவர். "அவன்ட பயத்தக் கொஞ்சம் போக்கி விடு. மூணு கிழமை இருக்கு."

இப்படித்தான் நான் உன் பயிற்றுவிப்பாளர் ஆனேன். பயமுறுத்துவிப்பாளர் என்று நீ திருத்திச் சொன்னாய். உன்னிடமிருந்து வந்த ஒரேயொரு நல்ல பகிடி அது, அதையும் நான் என்னுடையது என்று சொல்லித் திரிந்தேன்.

முதல் பாடம், பாடசாலை மதிலுக்குப் பின்னால் மேயும் ஆடுகளுக்கு முன்னால். "ஆடு ஒருத்தரப் பாத்தும் சிரிக்காது, பாடு" என்றேன். பாடினாய். ஒரு கிடாய் மட்டும் மேய்வதை விட்டுவிட்டு உன்னையே உற்றுப் பார்த்தது. விக்கல் வந்துவிட்டது. ஆட்டுக்கும் பயந்தவன் என்று நான் வகுப்பில் நடித்துக் காட்டி மூன்று நாள் ஓட்டினேன்.

இரண்டாம் பாடம், சாய்ந்தமருதுக் கடற்கரை. காலையில் தோணி வந்து மீன் ஏலம் கூறும் நேரம் பார்த்துக் கூட்டிக்கொண்டு போனேன். அவ்வளவு சத்தத்தில் உன்னை யார் பார்க்கப்போகிறார்கள் என்று சொன்னேன். உண்மையில் எல்லோரும் பார்க்கட்டும் என்றுதான் கூட்டிப்போனேன். நீ கண்ணை இறுக மூடிக்கொண்டு தொடங்கினாய். ஏலம் கூறியவர் வாயைப் பிளந்தபடி நின்றார். பிறகு சொன்னார், "தம்பி, நீ சூரைக்கு விலை கேக்கிறியா, சும்மா பாடுறியா? எனக்குக் கணக்குப் பிழைச்சுப் போச்சு."

நீ கண்ணைத் திறந்தாய். எல்லோரும் உன்னைப் பார்த்துச் சிரித்துக்கொண்டிருந்தார்கள். விக்கல் வந்தது. ஆனால் நீ ஓடவில்லை. விக்கிக்கொண்டே நின்று, "பாடுறன் காக்கா, மீன் வேணாம்" என்று ஏலக்காரரிடம் சொன்னாய். அந்தக் கூட்டத்தில் ஒருவர், "நல்லாப் பாடுறான்டா புள்ள, விடுங்க" என்று சொல்லி உன் கையில் இரண்டு சூரையைக் கோத்துக் கொடுத்தார். உன்னைக் கேலிக்குக் கூட்டிப்போன எனக்கு ஒரு சாளைகூடக் கிடைக்கவில்லை.

வரும் வழியில் நீ ஒரு சூரையை எனக்குத் தந்தாய். "நீதானே கூட்டிப் போனாய்" என்றாய். எனக்கு அதுதான் பிடிக்காது, மச்சான். நான் ஒரு குழி வெட்டுவேன், நீ அதில் விழுந்து எழும்பி, மண்ணைத் தட்டிவிட்டு, குழி வெட்டினதற்கு நன்றி சொல்லுவாய்.

தேர்வு நாள். கல்முனையில் ஒரு மண்டபம், மேலே மூன்று மின்விசிறி, ஒன்றுதான் சுற்றியது. எனக்குப் பதினேழாம் இலக்கம், உனக்குப் பதினெட்டு. நடுவர்கள் இரண்டு பேர், கொழும்பிலிருந்து வந்த கண்ணாடிக்காரரும், ஊதா முக்காடு போட்ட ஒரு ஆசிரியையும். ஆளுக்கு இரண்டு நிமிடம்.

என் உம்மாவின் ஃபோன் அன்றைக்கு என் சட்டைப் பையில் இருந்தது. வழி நெடுக, பக்கத்து வீட்டு ஃபோனிலிருந்து எடுத்து, எங்கே நிற்கிறாய், சாப்பிட்டாயா என்று கேட்பதற்காகத் தந்துவிட்டிருந்தா. அந்த ஃபோனைப் பற்றி இதை வாசிக்கிறவர்களுக்குச் சொல்லவேண்டும். என் வாப்பா கட்டாரில் வேலை. உம்மாவின் ஃபோனில் தொழுகைப் பாங்கு சொல்லும் செயலி கட்டார் நேரத்தில்தான் இருக்கும். அங்கே நண்பகல் ளுஹர் பாங்கு சொன்னால் வாப்பா தொழுதுவிட்டு இருபது நிமிடம் ஓய்வாக இருப்பார், அந்த நேரம் பார்த்து உம்மா கோல் எடுப்பா. நம் ஊர் நேரத்துக்கு அது பகல் இரண்டேகால். எங்கள் தெருவுக்கு இது பழக்கம். இரண்டேகாலுக்குப் பாங்கு கேட்டால் ஒருவரும் தொழ எழும்பமாட்டார்கள், "கட்டாருக்கு ளுஹராகிட்டு" என்பார்கள்.

இரண்டு மணிக்குக் கொஞ்சம் பிந்தி என்னைக் கூப்பிட்டார்கள். ஏறினேன், சிரித்தேன், பாடினேன். மூன்றாவது அடி மறந்தது. கையை ஆட்டினேன். கண்ணாடிக்காரர் பேனையை உருட்டிக்கொண்டு சொன்னார், "தம்பிக்குக் கூச்சமே இல்ல. அது பெரிய விஷயம்."

"குரல் எப்படி சேர்?" என்று நானே கேட்டேன்.

"அடுத்த ஆள்" என்றார்.

அடுத்த ஆள் நீ. நான் இறங்கி வரும் படியில் நீ ஏற நின்றாய். என் கையைப் பிடித்தாய், ஐஸ் கட்டி மாதிரி இருந்தது. வாயெல்லாம் கராம்பு மணம். "மச்சான், வருகுது" என்றாய்.

"தண்ணி குடி."

"குடிச்சிட்டன்."

"அப்ப பாடு."

நீ போய் நின்றாய். உனக்குப் பாடசாலையில் இது கடைசிச் சந்தர்ப்பம், அடுத்த வருடம் பரீட்சை. இதில் விக்கினால் பிறகு தறிக்குப் பக்கத்தில் மட்டும்தான் பாட்டு என்று முதல் நாள் நீயே சொல்லியிருந்தாய். வாயைத் திறந்தாய். விக்கல். பின்னால் ஒருவன் சிரித்தான், இந்தத் தரம் நான் இல்லை. இன்னொரு விக்கல். "ஆறுதலாத் தம்பி" என்றா ஊதா முக்காடு. மூன்றாவது விக்கல். உன் கண் வாசல் பக்கம் போனது. நீ ஓடப்போகிறாய் என்று எனக்குத் தெரிந்தது.

அப்போது என் சட்டைப் பையிலிருந்து பாங்கு எழும்பியது.

மண்டபத்தில் நடந்ததை நீ முழுக்கப் பார்த்திருக்க மாட்டாய், ஒரு தரம் சுற்றிப் பார்த்துவிட்டுக் கண்ணை மூடிக்கொண்டாயே. நான் சொல்கிறேன். கண்ணாடிக்காரர் பேனையைக் கீழே வைத்தார். ஊதா முக்காடு முக்காட்டை முன்னால் இழுத்துவிட்டுத் தலையைக் குனிந்தா. தேத்தண்ணி கொண்டுவந்தவர் தட்டோடு நடு வழியில் நின்றுவிட்டார். சிரித்தவன் சிரிப்பை விழுங்கினான். ளுஹர் முடிந்து எவ்வளவோ நேரம், அடுத்த தொழுகை அஸருக்கு இன்னும் ஒரு மணித்தியாலத்துக்கு மேல் இருக்கிறது. ஆனால் பாங்கு காதில் விழுந்தால் நம் ஆட்கள் முதலில் வாயை மூடுவார்கள், அதன் பிறகுதானே மணிக்கூட்டைப் பார்ப்பார்கள். எனக்கும் அதை நடுவில் நிறுத்தக் கை வரவில்லை. நெஞ்சைப் பொத்திக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். என் நெஞ்சுக்குள்ளிருந்து பாங்கு கேட்ட ஒரே நாள் அதுதான்.

மேடையில் நீ. உனக்கு முன்னால் அறுபது எழுபது பேர், அத்தனை பேரும் தலை குனிந்திருக்கிறார்கள். ஒரு கண்கூட உன்மேல் இல்லை. உன் உதடு மட்டும் பாங்குக்குப் பதில் சொல்லி அசைந்துகொண்டிருந்தது. ஒவ்வொரு வசனத்துக்கும் ஒரு நீள மூச்சு. முடியும்போது உன் தோள் கீழே இறங்கியிருந்தது. விக்கல் போய்விட்டது.

கண்ணாடிக்காரர் மணிக்கூட்டைப் பார்த்தார். "இது எந்த ஊர்ப் பாங்கு?"

நான் எழும்பினேன். "கட்டார் சேர். வாப்பா அங்க."

மண்டபமே சிரித்தது, நல்ல சிரிப்பு. அவர்களுடைய வீட்டிலும் ஆளுக்கொரு வாப்பா, ஆளுக்கொரு மூத்த நானா அங்கேதானே. நீயும் சிரித்தாய். சிரித்த வாயோடு தொடங்கினாய்.

எப்படிப் பாடினாய் என்று எழுதச் சொன்னால் எனக்குக் கையில் பிடிப்பு வருகிறது. ஒன்றை மட்டும் எழுதுகிறேன். அந்தப் பாட்டின் நடுவில் ஒரு நீள அடி இருக்கிறது, நான் அதில் இரண்டு இடத்தில் மூச்சு வாங்குவேன். நீ ஒரு இடத்திலும் வாங்கவில்லை. அந்த அடி முடியும்வரை நானும் வாங்கவில்லை. இரண்டு நிமிடம் முடிந்து மணி அடிக்கவேண்டியவர் அடிக்க மறந்துவிட்டார். நீ பாடினாய், நான் பாடுபட்டேன்.

பேர்ப் பட்டியலில் உன் பேர் இருந்தது. என் பேர் எங்கே இருந்தது என்று இதில் எழுத இடம் போதாது.

வெளியே வந்தோம். நீ என்னைக் கட்டிப்பிடித்தாய். உன் சட்டை முதுகு முழுக்க நனைந்திருந்தது.

"மச்சான், நீ வேணுமெண்டுதானே செய்தாய்?"

"என்னத்த?"

"அந்தப் பாங்கு. எல்லாரும் தலையக் குனிஞ்சா எனக்குப் பயம் போகும் எண்டு உனக்குத் தெரியும். நான்தானே உனக்குச் சொன்னன், பாக்கிறதுதான் பயம் எண்டு. அதுக்காகத்தான வச்சாய்?"

உன் முகத்தைப் பார்த்தேன். கண் நிறைய நம்பிக்கை. நான் சொன்னேன், "ஓம்."

நோன்பு வந்தது. ஊரெல்லாம் உன் குரல். எங்கள் வீட்டில் உம்மா கஞ்சிக் கோப்பைகளை வரிசையாக வைத்துவிட்டு, வானொலிக்குக் கிட்ட உட்கார்ந்து கேட்பா. அந்த நேரம் நான் ஏதாவது கதைத்தால், "உஸ்ஸ்" என்று தங்கச்சிக்கும் கோபம். ஒருநாள் வாப்பா கட்டாரிலிருந்து குரல்பதிவு அனுப்பினார்: "மகன், உன்ட கூட்டாளிட பாட்ட எங்கட அறையில எட்டுப் பேரும் கேட்டம். ஒருத்தன் அழுதிட்டான்." என் வாப்பா. எங்கள் வீட்டு ஃபோன். அழுதது உனக்காக.

தெருவில் ஆட்கள் உன்னை நிறுத்திப் பாராட்டும்போது நீ ஒவ்வொரு தரமும் என்னை இழுத்து முன்னால் விடுவாய். "இவன்தான் என்ட பயத்தப் போக்கினவன். இவன்ட மூளைதான் அது." நான் தலையைக் கொஞ்சம் சரித்து, ஒன்றுமில்லை என்பதுபோல் நிற்பேன். அந்த நிற்பு எனக்கு நன்றாக வரும்.

பிறகு மழைக்காலம். உனக்குக் காய்ச்சல். இரண்டாம் நாள் என்ன செய்தியென்று கேட்டதற்கு, "டெங்காம் மச்சான். கொசுவுக்கும் என்ட பாட்டுப் பிடிச்சிட்டுப் போல" என்று அனுப்பினாய். நான் பதிலுக்கு, "கொசுவும் மேடைக்கு வந்திட்டா?" என்று அனுப்பினேன். அதை நீ பார்த்ததற்கு அடையாளம் வந்தது. பதில் வரவில்லை. மட்டக்களப்பு ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனார்கள் என்றார்கள். நாலாம் நாள் அதிகாலை சுபஹுக்குப் பிறகு பள்ளிவாசலில் அறிவித்தார்கள்.

உன் ஜனாஸாவுக்கு வந்த கூட்டத்தைப் பற்றிச் சொல்லவேண்டும். மருதமுனைப் பள்ளி நிறைந்து, முற்றம் நிறைந்து, வீதியில் பாய் போட்டார்கள். மீன் ஏலம் கூறுகிறவர்கூட வந்திருந்தார். அந்த வரிசையில் நிற்கும்போது எனக்கு என்ன நினைவு வந்தது தெரியுமா? எனக்கு இவ்வளவு சனம் வருமா என்று. உன்னைக் கிடத்திய கட்டில் எனக்கு முன்னால் இருக்கிறது, நான் தலைகளை எண்ணிக்கொண்டு நிற்கிறேன். எழுத வெட்கமாகத்தான் இருக்கிறது.

தொழுகைக்கு முன்னால் வழக்கம்போல உன் வாப்பா எழும்பி நின்றார். தறிக்காரர், மேடை தெரியாத மனிசன், உன்னைப்போலத்தான். "என்ட மகன் உங்கள்ல யாருக்காவது மனம் நோகக் கதைச்சிருந்தா, யாருக்காவது ஒரு அநியாயம் செய்திருந்தா, அல்லாஹ்வுக்காக அவன மன்னிச்சிருங்க."

எல்லோரும் மெல்ல, "மன்னிச்சிட்டம்" என்றார்கள்.

நான் கொஞ்சம் உரத்துச் சொல்லிவிட்டேன். பக்கத்தில் நின்றவர் திரும்பிப் பார்த்தார். மச்சான், நான் உன்னை என்னத்துக்கு மன்னித்தேன்? நீ எனக்கு ஒரு பொல்லாத சொல் சொன்னதில்லை. ஒரு சூரை தந்தாய், பேர் தந்தாய், தெருவுக்குத் தெரு என்னை முன்னால் விட்டாய். உன் குரலுக்காகத்தான் மன்னித்திருக்கிறேன் போல.

நாற்பது கழிந்த பிறகு பாடசாலையில் உனக்காக ஒரு கூட்டம் வைத்தார்கள். நான் மேடை ஏறி, என் திட்டத்தை ஆதியோடந்தமாகச் சொன்னேன். கட்டார் நேரம், இரண்டேகால், குனிந்த தலைகள். அதிபர் முதுகில் தட்டினார். கீழே இறங்கியதும் உன் வாப்பா என் இரண்டு கையையும் பிடித்துக்கொண்டார். "அவன் வீட்டுல ஒவ்வொரு நாளும் உன்னப் பத்தித்தான் சொல்லுவான் மகன். நீ இல்லாட்டி அவன் ஒருநாளும் பாடியிருக்க மாட்டான்." அவருடைய விரல் நுனிகள் நூல் இழுத்து இழுத்துக் காய்ப்பு. அந்தக் காய்ப்பு என் கையில் உராய்ந்தது. தலையைச் சரித்து நிற்கப் பார்த்தேன். வரவில்லை.

சேர் கேட்டது இவ்வளவும்தான். இதோடு நிறுத்தினால் என் பேருக்குக் கீழே ஒரு கோடு போட்டுக் கொடுத்துவிடலாம்.

ஆனால் நடந்தது இது. தேர்வு அன்று நான் பாடிவிட்டு இறங்கி உட்கார்ந்து ஃபோனை எடுத்துப் பார்த்தேன். இரண்டு பன்னிரண்டு. இன்னும் மூன்று நிமிடத்தில் அடிக்கும் என்று எனக்குத் தெரியும், மறக்கவில்லை. சத்தத்தை அடைக்கும் பொத்தானுக்குத்தான் பெருவிரல் போனது. அதற்குள் தலையைத் தூக்கி மேடையைப் பார்த்தேன். நீ இன்னும் வாயே திறக்கவில்லை, அந்தக் கண்ணாடிக்காரர் உன்னைப் பார்த்துச் சிரித்துக்கொண்டிருந்தார். இரண்டு நிமிடம் கையை ஆட்டி ஆட்டிப் பாடின எனக்கு அந்தச் சிரிப்புக் கிடைக்கவில்லை. பெருவிரலை எடுத்துச் சத்தம் கூட்டும் பொத்தானில் வைத்தேன். கோடு நிறையும் வரைக்கும் அழுத்தினேன். உன் பாட்டு நடுவில் உடையவேண்டும், நீ விக்கவேண்டும், இனி ஒருநாளும் ஏறக்கூடாது. அவ்வளவுதான் என் திட்டம். அல்லாஹ்வின் பாங்கை அதற்கு எடுத்தேன். அது என் பேச்சைக் கேட்கவில்லை.

உன்னிடம் நான் சொன்ன அந்த 'ஓம்' இன்னும் என்னிடம்தான் இருக்கிறது. உன் வாப்பா கையைப் பிடித்த அன்றிலிருந்து அது தொண்டையிலேயே நிற்கிறது, விழுங்கவும் ஏலாது துப்பவும் ஏலாது. போன கிழமை சேர் புது ஒலிவாங்கியைச் சோதிக்க என்னை ஒரு அடி பாடச் சொன்னார். காலி மண்டபம். வாயைத் திறந்தேன், மூடிக்கொண்டேன். "தொண்ட சரியில்ல சேர்" என்று சொல்லிவிட்டு இறங்கிவிட்டேன். கூச்சமே இல்லாதவன்.

மன்னித்துக்கொள் மச்சான். முதலில் உன் வாப்பாவிடம் போய்ச் சொல்லவேண்டும், தெரியும். மருதமுனைச் சந்தி வரைக்கும் சைக்கிளில் இரண்டு தரம் போய்விட்டுத் திரும்பி வந்துவிட்டேன். அதுதான் இங்கே எழுதினேன். இதைச் சேரிடம் கொடுக்கப் போகிறேன், பாடசாலை முழுக்க வாசிக்கட்டும். இரண்டு பக்கம் கேட்ட இடத்தில் ஏழு பக்கமாகிவிட்டது. நீளம் கூடிப்போச்சு என்று சேர் கடைசிப் பக்கத்தை வெட்டிவிடுவார் என்று ஒரு சின்ன நம்பிக்கையில்தான், மச்சான், இதைக் கடைசிப் பக்கத்தில் எழுதினேன்.